எந்த மணலும் ஆகாது: கடல்நீர் மீன்தொட்டி வைப்போர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கடல்நீர் மீன்தொட்டிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கடற்கரையே இல்லாத கொங்கு நாட்டில், கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வீட்டுக் கூடத்தில் கோமாளி மீன் வளர்ப்போர் பெருகிவருவதைக் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துச் சொல்லியிருந்தார். ஆனால் விளக்குக்கும் வடிகட்டிக்கும் உப்புக் கலவைக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்கியவர், தொட்டியின் அடியில் இடும் மணலை மட்டும் "நன்கு கழுவிய எந்த மணலும் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை நம்பிப் பலர் பணத்தையும், அதைவிட முக்கியமாக மீன்களின் உயிரையும் இழக்கக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன். தண்ணீருக்கு அடியில் படிவது எதுவானாலும் அது சும்மா கிடக்காது என்பதை அந்த வேலையும் இந்தத் தொட்டியும் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

நம் பகுதியில் மணல் என்றவுடன் கைக்கு எட்டுவது மூன்று. வீடு கட்டி மிஞ்சிய எம்-சாண்ட் முதலாவது. அது மணலே அன்று. கருங்கல்லை உடைத்துப் பொடித்த துகள். அதன் முனைகள் கூர்மையானவை, எத்தனை முறை அலசினாலும் கல்மாவு வந்துகொண்டே இருக்கும், உடைக்கும் இயந்திரத்தின் இரும்புத் தேய்மானமும் அதில் கலந்திருக்க வாய்ப்புண்டு. மணலைக் குடைந்து வாழும் மீனின் வயிற்றையும் செவுளையும் அந்தக் கூர்மை கிழித்துவிடும். இரண்டாவது காவிரி, அமராவதி ஆற்று மணல். அது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காக் கனிமம். உருண்டு தேய்ந்ததுதான் என்றாலும் களிமண்ணும் அப்பிரகமும் இரும்புத்தாது கொண்ட கரும்துகள்களும் அதோடு வரும். ஆறுகள் மணலிழந்து கிடக்கும் இக்காலத்தில் மீன்தொட்டிக்கென்று ஒரு மூட்டை அள்ளிவருவதை என் மனம் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது, சுற்றுலா போகும்போது கடற்கரையிலிருந்து சாக்கில் கட்டிவரும் மணல். கடல் மீனுக்குக் கடல் மணல்தானே பொருத்தம் என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் தமிழகக் கரையோர மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸே. தென்கோடியில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களும் அதில் மிகுந்துள்ளன. காந்தத்தால் இழுபடும் கரும்துகள்கள் நீரேற்றியின் சுழலியில் போய் ஒட்டி அதைத் தேய்க்கின்றன; கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒரு துகள் சிக்கினாலும் தொட்டியில் அழியாத கீறல் விழும். கரையோரக் கழிவுநீரும் படகு எண்ணெயும் அந்த மணலில் ஊறியிருக்கக்கூடும் என்பது வேறு.

கடல்நீர்த் தொட்டிக்கு உகந்தது கால்சியம் கார்பனேட்டால் ஆன மணல். அதிலும் அராகோனைட் என்ற படிக வடிவம் கொண்டது சிறந்தது. உலகெங்கும் மீன் வளர்ப்போர் வாங்கும் அராகோனைட் மணலில் ஒரு பகுதி பஹாமாஸ் தீவுகளின் ஆழமற்ற கடலிலிருந்து வருகிறது. அங்கே கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட் சிறு துகள்களைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து, மீன் முட்டை போன்ற உருண்டை மணிகளாகிறது. முனையில்லாத அந்த உருண்டை வடிவம் மணலைக் குடையும் உயிர்களுக்கு இதமானது. இன்ன மணல் என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி மணலைக் கழுவி உலர்த்தி, சமையலறையில் இருக்கும் வினிகரைச் சில சொட்டு விட்டால் போதும். கார்பனேட் மணல் நுரைத்துப் பொங்கும். குவார்ட்ஸ் அசையாமல் கிடக்கும். பிறகு ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மணலுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் "ஒயிட் மரைன் சாண்ட்" என்று அச்சிட்ட பையை வாங்கிவந்து இந்தச் சோதனையைச் செய்தபோது ஒரு குமிழிகூட எழவில்லை. மெருகேற்றிய குவார்ட்ஸைக் கடல் மணலின் விலைக்கு விற்றிருந்தார்கள். திருப்பிக் கேட்டதற்கு, "எந்த மணலா இருந்தா என்னங்க, கழுவிப் போட்டாப் போதுமுங்க" என்றே பதில் வந்தது.

இங்கே ஒரு மிகையையும் களைய வேண்டும். அராகோனைட் மணலை இட்டுவிட்டால் நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். அளவும் காரத்தன்மையும் தாமாகவே நிலைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கடல்நீரின் பி.எச். ஏறத்தாழ 8.1 முதல் 8.3 வரை இருக்கும்போது அந்த மணல் நீரில் கரைவதில்லை. கழிவு மக்கி அமிலம் ஊறும் மணலின் உட்பகுதியில்தான் சிறிது சிறிதாகக் கரைந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் தருகிறது. அது நல்ல துணை, அவ்வளவே. பவளங்கள் வளரும் தொட்டியில் காரத்தன்மையையும், கடலில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்கும் கால்சியத்தையும் வாராவாரம் சோதனைப் பெட்டியால் அளந்தே தீர வேண்டும். குறைகிறதே என்று காரக் கரைசலை ஒரேயடியாக ஊற்றினால், கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகி மணல்மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாறைபோல் இறுக்கிவிடும். குவார்ட்ஸ் மணல் நஞ்சு என்றும் நான் சொல்லவில்லை. தூய்மையான, உருண்டையான குவார்ட்ஸில் மீன்கள் மட்டும் வாழும் தொட்டி நன்றாகவே நடக்கும். கார்பனேட் மணல் தரும் துணை அதில் கிடைக்காது என்பதோடு, வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும் என்பதே என் வாதம்.

கார்பனேட்தான் தேவை என்றால் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து இடலாமே, நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு விற்கும் கிளிஞ்சலைச் சல்லடையில் சலித்து இடலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது, இரண்டும் வினிகரில் பொங்கும். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சைட் என்ற மற்றொரு படிக வடிவம். அராகோனைட்டைவிட அது கடினமாகக் கரையும் என்பதால் துணையும் குறைவு, உடைத்த கல்லுக்கே உரிய கூர்மையும் மாவும் வேறு. கிளிஞ்சலைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு தயக்கங்கள். ஓட்டோடு காய்ந்து ஒட்டியிருக்கும் சதைத் துணுக்குகள் நீரில் அழுகும். தீவனக் கடைகளில் கிளிஞ்சல் மூட்டைக்குப் பக்கத்திலேயே டி.சி.பி. என்னும் டைகால்சியம் பாஸ்பேட் மூட்டையும் திறந்து கிடக்கும். அந்தத் தூசி ஒரு பிடி கலந்தாலும் தொட்டியில் பாசி அடங்காது. முட்டையிடும் கோழிக்கு இரண்டும் நல்லவை, பவளத்துக்குப் பாஸ்பேட் பகை. சுவருக்கு அடிக்கும் நீர்த்த சுண்ணாம்பை மட்டும் எக்காரணம் கொண்டும் மணலோடு சேர்த்துவிடக் கூடாது. அதன் தெளிந்த கரைசலின் பி.எச். 12-ஐ எட்டும்.

பவளத் துண்டுகளைப் பற்றி உறுதியாகவே எழுத விரும்புகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-ல் தேசியப் பூங்காவாகவும், வளைகுடாப் பகுதி 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் சிமென்டுக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கின. பாறை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இறந்து கரை ஒதுங்கிய துண்டுதானே என்று பையில் போட்டு வருவதும், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பவளச் சல்லியை வாங்குவதும், அந்தத் தீவுகளுக்கு நேர்ந்ததை நம் வீட்டுக் கூடத்திலிருந்தே தொடர்வதாகும். கோமாளி மீனையே பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் உருவாக்கியிருக்கும்போது, தொட்டிக்கு வேண்டிய எதையும் கடலைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை.

இனி மணலின் பருமனும் ஆழமும். இதில்தான் நான் பெரும் பிழை செய்தேன். நான்கடி நீளத் தொட்டியில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரையிலான சல்லியை ஏறத்தாழ மூன்றங்குல உயரத்துக்கு நிரப்பினேன். ஓராண்டு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அதன்பின் லிட்டருக்கு 10 மில்லிகிராமில் நின்ற நைட்ரேட் மெல்ல மெல்ல 80-ஐத் தொட்டது. பருத்த சல்லியின் இடுக்குகளுக்குள் உணவுத் துணுக்கும் மீன் கழிவும் இறங்கி, மேலிருந்து பார்த்தால் தெரியாமல் உள்ளே மக்கிக்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையிழந்து, முழு அடித்தளத்தையும் ஒரே நாளில் குழாயால் கிளறி உறிஞ்சினேன். கண்ணாடியோரம் கருத்திருந்த பகுதியைத் தொட்டவுடன் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. வேலையிடத்தில் ஆயிரம் முறை முகர்ந்து, எச்சரிக்கைப் பலகையும் எழுதி மாட்டிய அதே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. மறுநாள் காலை இரண்டு கோமாளி மீன்களும் ஒரு கோபி மீனும் இறந்து கிடந்தன. ஐந்தாண்டுகள் வளர்த்த மீன்கள் அவை. இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

நடந்தது என்ன என்பதைச் சாயக் கழிவுநீரைக் கொண்டே விளக்கலாம். மணலின் மேற்பரப்பில் உயிர்வளி கலந்த நீர் ஓடும் பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் வெளியிடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சற்றுக் கீழே உயிர்வளி தீர்ந்த பகுதியில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள உயிர்வளியை எடுத்துக்கொண்டு வெறும் நைட்ரஜனைக் குமிழியாக வெளியேற்றுகின்றன. இது நாம் விரும்பும் வேலை. அதற்கும் கீழே நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில், சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடை உருவாக்குகின்றன. சாயமேற்றும்போது கிளாபர் உப்பு என்னும் சோடியம் சல்பேட்டை இடுவதால் எங்கள் கழிவுநீரில் சல்பேட் மிகுதி. கடல்நீரிலோ இயற்கையாகவே லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்குச் சல்பேட் இருக்கிறது. எனவே கழிவு சேர்ந்த, நீரோட்டம் புகாத கடல்மணல் தன்னுள் நஞ்சைச் சேமித்து வைத்திருக்கும். கிளறாதவரை அது அங்கேயே கிடக்கும்.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையிலான மணலை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு இட்டு அடிக்கடி சுத்தம் செய்வது ஒன்று. சர்க்கரை போன்ற நுண்மணலைப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் வரை நிரப்பி, புழுக்களும் சிற்றுயிர்களும் அதில் வாழவிட்டு, கையே வைக்காமல் நைட்ரேட்டைக் குறைப்பது மற்றொன்று. மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்ற கடல் உயிரியலாளர் 1980-களில் மணலுக்கு அடியில் நீர் நிற்கும் வெற்றிடம் விட்டுச் செய்த தொட்டிகளும் ஆழ்ந்த மணலில் நடக்கும் இந்த நைட்ரேட் நீக்கத்தையே நம்பியிருந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில், அதிலும் பருத்த சல்லியில், இரண்டின் பயனும் கிடைப்பதில்லை. நம் வீடுகளில் வைக்கும் மூன்றடி, நான்கடித் தொட்டிகளுக்கு முதல் முறையையே நான் பரிந்துரைப்பேன். ஆழ்ந்த மணலில் பிழை நேர்ந்தால் சிறிய தொட்டியில் அதைத் தாங்கும் நீரளவு இருக்காது. மணலே இடாமல் வெறும் கண்ணாடித் தளத்தில் வளர்ப்போரும் உண்டு. சுத்தம் எளிது என்றாலும் மணலில் வாழும் உயிர்களை அங்கே வைக்க இயலாது.

120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டிக்கு நான்கு சென்டிமீட்டர் உயரம் மணல் என்றால் ஏறத்தாழ 22 லிட்டர் கொள்ளளவு, எடையில் சுமார் 30 கிலோ. உலர்ந்த மணலை வாளியில் இரண்டு மூன்று கிலோவாக எடுத்து, கலங்கல் தெளியும்வரை அலச வேண்டும். பாக்டீரியாக்கள் வாழும்படி ஈரப்பதத்தோடு உயிருள்ள மணலாக அடைத்து விற்பதை மட்டும் கழுவக் கூடாது. அலசுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர் போதும், கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. நீர் வேண்டும். உப்புத் தண்ணீர்தானே என்று ஆழ்துளை நீரிலேயே கடலுப்பைக் கலப்போரை நான் பார்த்திருக்கிறேன். நிலத்தடி நீரில் உள்ள உப்பு வேறு, கடலின் உப்பு வேறு. சிறுவாணி நீர் மென்மையானதுதான், இருந்தாலும் குழாயில் வரும்போது குளோரின் கலந்தே வரும். பாறைகளை முதலில் கண்ணாடித் தளத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, அதன் பிறகே சுற்றிலும் மணலைப் பரப்ப வேண்டும். மணல்மேல் பாறையை வைத்தால், அடியில் குடையும் இறாலின் மீதே ஒருநாள் அது சரியும்.

முதல் சில வாரங்களில் மணல்மேல் பழுப்புப் படலம் படர்ந்ததும் பலர் மணலைக் குறை சொல்லி அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். அது டயாட்டம் என்னும் நுண்பாசி; அதற்கு வேண்டியது கரைந்த சிலிக்கா. கருங்கல் பூமியில் ஊறிவரும் நம் நிலத்தடி நீரில் அது தாராளமாக உண்டு. குவார்ட்ஸ் மணலோ மிக மிக மெதுவாகவே கரையும். குற்றம் பெரும்பாலும் நீரில்தான். ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்திப் பொறுத்திருந்தால் படலம் தானே அடங்கும். கருஞ்சிவப்புப் படலம் வந்தால் அது வேறு. நீரோட்டம் குறைந்து கழிவு தேங்கும் மூலைகளில் வரும் சயனோபாக்டீரியா அது. நீரோட்டம் தரும் வேவ் மேக்கர் கருவியின் திசையை மாற்றி, தீனியைக் குறைக்க வேண்டும். நுண்மணல் இட்ட தொட்டியில் வேவ் மேக்கரை அடித்தளத்தை நோக்கித் திருப்பினால் மணல் பறந்து பவளங்களை மூடும் என்பதால் உயரத்தில் பொருத்துவது நல்லது. நீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மணலின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்கிறேன். அடுத்த முறை அடுத்த பங்கு. பழைய மணலை மாற்ற நேர்ந்தாலும் சில வாரங்களாகப் பிரித்தே எடுக்க வேண்டும். வீடு மாறும்போது அழுக்கு மணலை அப்படியே புதிய இடத்துத் தொட்டியில் கொட்டிவிடக் கூடாது.

மணலைப் பேண உயிர்களும் உதவும். நசாரியஸ் நத்தைகள் மணலுக்குள் புதைந்திருந்து, தீனியின் வாசனை வந்தவுடன் மூக்கை நீட்டி வெளிவரும். பிஸ்டல் இறால் குழி தோண்ட, கண்பார்வை குன்றிய அதற்குக் கோபி மீன் வாசலில் காவல் நிற்கும். என் தெருப் பிள்ளைகள் மாலையில் வந்து, "ஏனுங்கண்ணா, இன்னிக்கும் அந்த எறா மண்ணு அள்ளுதுங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த இணையைப் பார்ப்பதற்காகவே நெடுநேரம் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மணலை வாயில் அள்ளிச் சலிக்கும் பெரிய கோபி மீன்களைச் சிறிய தொட்டிக்கு வாங்கக் கூடாது. மணலில் உள்ள சிற்றுயிர் தீர்ந்தவுடன் அவை பட்டினியால் மெலிந்து இறக்கும். அயல்நாட்டுக் குறிப்புகள் கடல் அட்டையையும் பரிந்துரைக்கும். நம் நாட்டில் கடல் அட்டைகளும் 2001 முதல் அதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

மின்தடையைப் பற்றியும் ஒரு சொல். கரூரிலும் ஈரோட்டிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் சூடேறிய நீரில் உயிர்வளி குறைவு. நீரோட்டம் நின்றால் மணலில் உள்ள பாக்டீரியாக்கள் இருக்கும் உயிர்வளியையும் தீர்த்துவிடும். மின்கலத்தில் இயங்கும் காற்றேற்றி ஒன்று ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழ் வாயிலாக மீன்தொட்டிக் கடை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். மணல் பையின்மேல் அது எந்தக் கனிமம், மணியின் பருமன் எத்தனை மில்லிமீட்டர், எந்த ஊரிலிருந்து வந்தது என்ற மூன்றையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அரிசி வாங்கும்போது பொன்னியா இட்லி அரிசியா என்று கேட்டு வாங்கும் வாடிக்கையாளர், எழுதியிருந்தால் படித்துத்தான் வாங்குவார். கட்டுரையாளரிடமும், "எந்த மணலும் போதும்" என்ற வரிக்கு ஒரு திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கோடை விடுமுறையில் புதிதாகத் தொட்டி வைக்க எண்ணுவோர் இப்போதுதான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
அவிநாசி, திருப்பூர் மாவட்டம்.